கேட்டதும் முளைக்கும் அறை

ஆவுடையப்பனின் கல்யாணத் தகவல் நிலையத்தில் சுற்றுவட்டாரத்துப் பெண்கள் அத்தனை பேருடைய விவரமும் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அதையெல்லாம் ஏற்றி வைத்த அம்புஜவல்லியின் விவரம் மட்டும் இல்லை. முப்பத்தொரு வயதாகியும் கல்யாணம் ஆகாதவள் கல்யாணக் கடையில் உட்கார்ந்து ஊரார் கல்யாணத்துக்கு வழி பண்ணுகிறாள் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் பேசாதவர்கள் குறைவு. பேசட்டும் என்று விட்டுவிட்டாள். அவளுக்குக் காது நன்றாகத்தான் கேட்கும். எதைக் காதில் போட்டுக்கொள்வது என்பதில்தான் கறாராக இருந்தாள்.

அவள் பிறந்தது மூல நட்சத்திரத்தில். மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது என்று யாரோ என்றைக்கோ சொல்லி வைத்தது, மாமனார்கள் எல்லோருக்கும் உயிர் வெல்லம் என்பதால் இன்றுவரை உருப்படியாக நிலைத்திருக்கிறது. எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றொன்று வரை பெண் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். கடைசியாகத் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள், காபி குடித்துக்கொண்டே நட்சத்திரத்தைக் கேட்டார்கள். பதில் வந்ததும் டம்ளர் பாதியில் கீழே இறங்கியது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். அது எந்த பஸ்ஸும் இல்லாத நேரம்.

அன்று சாயங்காலம் அவள் அப்பா பாஷ்யம் ஒரு யோசனை சொன்னார். பிறந்தது மூலத்தின் கடைசியில்தான், கொஞ்சம் நேரத்தைத் தள்ளிப் போட்டால் பூராடம் ஆகிவிடும், ஜோசியர் எழுதித் தரத் தயார் என்றார்.

"வேண்டாம்ப்பா" என்றாள் அம்புஜவல்லி. "அப்படி எழுதினா அவா பார்க்க வர்றது என்னை இல்லை. வேற யாரையோ."

பாஷ்யம் ஜாதகத்தை மடித்து உள்ளே வைத்தார். அதன்பிறகு அந்த வீட்டில் கல்யாணம் என்ற பேச்சு எழவில்லை. அவள் வேண்டாம் என்றது பொய் நேரத்தை. கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார். அவர் பேச்சை நிறுத்தியதால், அப்பா தன்னைக் கைகழுவிவிட்டார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். இருவரும் மரியாதைக்காரர்கள். ஆளுக்கு ஒரு தப்புக் கணக்கை வைத்துக்கொண்டு ஏழு வருஷம் ஒருவர் மனதை ஒருவர் நோகடிக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

வேலை மட்டும் குறைவில்லாமல் இருந்தது. கல்லூரியில் கணக்குப் படித்த கையோடு, எண்பத்தேழில், ராஜபாளையத்து நூல் மில் ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்திருந்தாள். வெளியே பஞ்சு பறக்கும். உள்ளே செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டும். அங்கே புரோகிராம் எழுதியது கோபால் (COBOL) என்னும் கம்ப்யூட்டர் மொழியில். "இன்னிக்கும் கோபாலோட மல்லுக்கட்டினேன்" என்று தினமும் வீட்டில் சொல்வாள். அவள் அம்மா ஸாவித்ரி வெகுநாள் கோபால் என்பவர் மேனேஜர் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மெதுவாக, "அவருக்குக் கல்யாணம் ஆயிடுத்தோ?" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

கோபாலில் அட்டவணைக்குள் அட்டவணை வைக்கலாம். ஷிப்டுக்குள் பிரிவு, பிரிவுக்குள் மெஷின். ஆனால் எல்லாவற்றையும் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எந்த எண் எதுவென்று எழுதுகிறவள் தலையில் இருக்க வேண்டும். அம்புஜவல்லியின் தலையில் இருந்தது. தொண்ணூற்றாறில் மில் தன் கம்ப்யூட்டர் பிரிவை மதுரைக்கு மாற்றியபோது, அவள் அந்த எண்களைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அவற்றால் இனி யாருக்கும் பயனில்லை.

ஆவுடையப்பன் அப்போது தேரடியில் ஜெராக்ஸ் கடையும் எஸ்டிடி பூத்தும் வைத்திருந்தார். கல்யாண வரம் கேட்டு ஆண்டாளிடம் வருகிறவர்கள் அவர் கடையில்தான் ஜாதகத்தை நகல் எடுத்தார்கள். நகல் எடுத்த ஜாதகங்களை வெறுமனே திருப்பிக் கொடுப்பதில் அவருக்கு மனம் ஆறவில்லை. ஒரு கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டார். பிறகு அதை என்ன செய்வது என்று தெரியாமல் அம்புஜவல்லியைக் கூப்பிட்டார்.

ஒரு பத்திரிகையோடு இனாமாக வந்த குறுந்தட்டில் பெர்ல் என்றொரு மொழி இருந்தது. அதை அவள் தானாகவே படித்துப் பழகினாள். அதில் எண்ணுக்குப் பதிலாகப் பேரையே சாவியாக வைக்கலாம் என்று கண்ட அன்று அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷம், பிறர் நகை வாங்கினால் படுகிற சந்தோஷம். நிலையத்தின் விவரங்களை அவள் அப்படித்தான் அடுக்கினாள். முதல் வாசலில் பெண், பிள்ளை என்று இரண்டு சாவி. பெண் என்ற அறையைத் திறந்தால் உள்ளே ஊர்கள். ஊருக்குள் சமூகம். சமூகத்துக்குள் நட்சத்திரம். நட்சத்திரத்துக்குள் போனால் சாவி கிடையாது, ஆட்கள் வரிசையாக நிற்பார்கள், எண்ணைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்ட ஆளிடம் மறுபடி சாவிகள்: பேர், அப்பா பேர், படிப்பு, உயரம். ஆள் வேண்டுமானால் வாசலிலிருந்து ஒவ்வொரு சாவியாக வரிசை தவறாமல் சொல்லிப் போக வேண்டும்.

இது அவள் வீட்டுப் பழக்கம்தான். பாஷ்யம் தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மாவட்டம், ஊர், தெரு, கதவிலக்கம் என்றே முப்பது வருஷம் கையும் கண்ணும் பழகிவிட்டன. மூக்குக் கண்ணாடி எங்கே என்று கேட்டால்கூட, "கூடம், அலமாரி, ரெண்டாம் தட்டு, இடது ஓரம்" என்பார். அலமாரியில் என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பொறுக்காது.

முதல் வாரம் மானம் போயிற்று. சோழபுரத்திலிருந்து வந்த ஒரு தகப்பனாருக்கு மூன்று பெண்களின் விவரத்தை அச்சடித்துக் கொடுத்தார்கள். பேர் இருக்க வேண்டிய இடத்தில் HASH என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் ஏதேதோ எண்ணும் எழுத்தும் வந்திருந்தன. அம்புஜவல்லி ஒரு படி முன்னதாகவே நின்றுவிட்டாள். ஆளின் அறை வரைக்கும் போனவள் பேர் என்ற சாவியைப் போடவில்லை. பெர்ல், HASH என்று தான் அழைக்கிற அந்த அறையையே தூக்கிக் கையில் கொடுத்துவிட்டது.

"ஹஷ்னு என்ன பேருங்க?" என்றார் சோழபுரத்துக்காரர்.

"வடக்கத்திக் குடும்பமா இருக்கும்" என்று ஆவுடையப்பன் சமாளித்தார்.

"மூணு பேருமா?"

அடுத்த வாரம் இன்னொன்று. பெர்லில் வரிசையின் முதல் ஆளுக்கு எண் பூஜ்யம். அதை அப்படியே அச்சடித்ததில், வ. புதுப்பட்டி விவசாயி ஒருவரின் மகள் பேருக்கு முன்னால் பூஜ்யம் நின்றது. "எம்புள்ள சைபரா?" என்று அவர் போட்ட சத்தத்தில் எஸ்டிடி பூத்தில் பேசிக்கொண்டிருந்தவர் போனை வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தார். அன்றிலிருந்து அச்சுக்குப் போகும் எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொண்டாள். உள்ளே பூஜ்யம், பேப்பரில் ஒன்று.

வியாபாரம் சூடு பிடித்ததும் ஆவுடையப்பன் ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு கிளை திறந்தார். அங்கே டைப் அடிக்க சம்மந்தபுரத்து நூர்னிசா வந்து சேர்ந்தாள். இருபத்திரண்டு வயது. கை வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். நட்சத்திர விவகாரம் அவளுக்குச் சுத்தமாகத் தெரியாது. "எங்க வீட்ல இதெல்லாம் பாக்க மாட்டாகக்கா. மாப்ள தொழுவானா, சம்பாரிப்பானான்னு கேப்பாக, அம்புட்டுதான்" என்று அம்புஜவல்லியிடம் போனிலேயே சொல்லியிருந்தாள். இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. வாராவாரம் சனிக்கிழமை ஆவுடையப்பன் விவரங்கள் பதிந்த பிளாப்பித் தட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். அங்கே சேர்ந்த விவரம் இங்கே வரும். அம்புஜவல்லி இரண்டையும் கலந்து திருப்பி அனுப்புவாள்.

ஒருநாள் ராஜபாளையத்திலிருந்து தெலுங்கு பேசும் ஓர் அம்மாள் நேரே ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்கே வந்துவிட்டார். அவர் தம் மகளுக்குப் பூர நட்சத்திரத்துப் பையன் வேண்டும் என்று மாதக்கணக்காகக் கேட்டு, இல்லை இல்லை என்று பதில் வாங்கிக்கொண்டிருந்தவர்.

"ஏமம்மா, நாலு வீடு தள்ளி இருக்கான் பையன். ஒரு கல்யாணப் பந்தியில பக்கத்து இலையில உக்காந்துதான் எங்களுக்கே தெரிஞ்சது. அவுகளும் உங்க கடையிலதான் எழுதி வச்சிருக்காகளாம். உங்க கம்ப்யூட்டருக்குக் கண்ணு தெரியலையா?"

அம்புஜவல்லி உள்ளே போய்த் தேடினாள். பையன் இருந்தான். ஆனால் பூரத்தில் இல்லை, PUBBA என்றொரு அறையில் இருந்தான். நூர்னிசாவுக்கு நட்சத்திரங்களை எழுதிக் கொடுத்தவர் பக்கத்து மாடியில் இருந்த தெலுங்கு ஜோசியர். தெலுங்கில் பூரத்துக்குப் புப்ப என்று பேர். ஆயில்யத்துக்கு ஆஸ்லேஷ. கேட்டைக்கு ஜ்யேஷ்ட. ஒரே வானத்து நட்சத்திரத்துக்குப் பஸ்ஸில் அரைமணி தூரத்தில் இருக்கும் இரண்டு ஊர்கள் வேறு வேறு கதவு வைத்திருந்தன. இந்தக் கதவைத் தட்டியவர்களுக்கு அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தவர்கள் தெரியவில்லை. ஆடிப்பூரத்துக்குத் தேர் இழுக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு பூரத்தைத் தவறவிட்டேனே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

நூர்னிசாவைப் புதிதாகப் படிக்கச் சொல்வதற்குப் பதில், அம்புஜவல்லி ஒரு சின்ன அகராதி எழுதினாள். புப்ப என்று வந்தால் பூரம் என்று எடுத்துக்கொள். ஜ்யேஷ்ட என்றால் கேட்டை. இரண்டு ஊர்க் கம்ப்யூட்டரும் எதையும் தேடுவதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளும். அந்த அம்மாளின் மகளுக்கு அந்தப் பையனோடேயே கல்யாணம் நடந்தது. ஆவுடையப்பன் பந்தியில் உட்கார்ந்து, இது எங்கள் நிலையம் முடித்து வைத்தது என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பின்புதான் காலி அறைகள் கண்ணில் பட்டன. மாதாமாதம் எல்லா விவரத்தையும் புத்தகமாக அச்சடிப்பது வழக்கம். அந்த மாதப் புத்தகத்தில் சில இடங்களில் நட்சத்திரத்தின் தலைப்பு மட்டும் இருந்தது, கீழே ஆள் இல்லை.

"என்னம்மா இது? எலையப் போட்டுட்டு சோத்தக் காணோம்?" என்றார் ஆவுடையப்பன்.

இரண்டு நாள் மல்லாடிக் கண்டுபிடித்தாள். அது பெர்லின் சுபாவம். இல்லாத அறைக்குள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டால், இல்லை என்று பதில் சொல்லும். ஆனால் கேட்டுவிட்டார்களே என்று அந்த அறையைக் கட்டியும் வைத்துவிடும்.

"ஆள் இல்லேன்னாலும், ஒருத்தர் தேடிண்டு வந்தாலே உள்ளே ஒரு இடம் முளைச்சுடறது" என்று விளக்கினாள்.

"கேட்டதுமேவா? நம்ம முனிசிபாலிட்டியில வருசக்கணக்கா கேட்டும் ஒரு குழாய் வரலையேம்மா."

ஒவ்வொரு கதவிலும் நின்று, இது இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டு நுழைந்தால் இந்தத் தொல்லை இல்லை. அப்படி மாற்றிவிடுகிறேன் என்றாள். ஆவுடையப்பன் தடுத்தார். "வேண்டாம். எதத் தேடி வாராகன்னு நமக்குத் தெரியுமில்ல? புத்தகம் போடுறதுக்கு முன்னால மட்டும் கூட்டித் தள்ளிரு." அவர் வியாபாரி. அப்படியே செய்தாள். மாதக் கடைசியில் காலி அறைகளை ஒருதரம் திரையில் ஓடவிட்டுப் பார்ப்பாள். பிறகு துடைத்துவிடுவாள்.

வீட்டில் அந்த நாட்களில் புதிதாக நடந்தது ஒன்றே ஒன்று. பாஷ்யத்துக்கு வலது கண்ணில் புரை விழுந்திருந்தது. மாதம் ஒருதரம் ராஜபாளையத்துக்குக் கண் டாக்டரிடம் போய்வந்தார். துணைக்கு யாரையும் கூப்பிடுவதில்லை.

"என்ன சொன்னார் டாக்டர்?" என்பாள் ஸாவித்ரி.

"இன்னும் பழுக்கலையாம்."

"மாசாமாசம் போய்ப் பழுத்துதா பழுத்துதான்னு கேக்கறதுக்கு அது என்ன மாங்காயா?" என்று அவள் அடுக்களைக்குள் போய்விடுவாள். புரை முற்றட்டும் என்று காத்திருக்கச் சொல்வது டாக்டர்கள் வழக்கம்தான் என்பதால் யாரும் மேலே கேட்கவில்லை.

காலி அறைகளில் ஒன்று அம்புஜவல்லியின் கண்ணை உறுத்தியது. பெண், ஸ்ரீவில்லிபுத்தூர், ஐயங்கார், MOOLA. முதல் தடவை எழுத்துப்பிழை என்று துடைத்துவிட்டாள். அடுத்த மாதப் பிளாப்பியில் அது மறுபடி முளைத்திருந்தது. மறுபடி துடைத்தாள். அதற்கடுத்த மாதமும் இருந்தது.

மூலா என்பது மூலம்தான், தெலுங்கு ஜோசியரின் உபயம். அப்படியானால் அவள் எழுதிய அகராதி அதை மாற்றியிருக்க வேண்டும். அகராதியைத் திறந்து பார்த்தாள். இருபத்தாறு வரி இருந்தது. நட்சத்திரங்கள் இருபத்தேழு. விட்டுப்போனது மூலம் ஒன்றுதான். வேண்டுமென்று விடவில்லை, கை தானாகத் தாண்டியிருக்கிறது. அதைப் பார்த்தபோது அவளுக்கு யாரோ முகத்துக்கு நேராகக் கண்ணாடி பிடித்ததுபோல் கூச்சமாக இருந்தது.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் வேறு. மூல நட்சத்திரத்துப் பெண்ணை யாரும் தேடி வருவதில்லை. மூலமாக இருந்தால் பரவாயில்லை என்று சொல்வதே அபூர்வம். யாரோ ஒருவர் மாதாமாதம் வந்து, இந்த ஊரில், இந்தச் சமூகத்தில், இந்த நட்சத்திரத்தையே பேர் சொல்லிக் கேட்டிருக்கிறார். அவளுக்குத் தெரிந்து அந்த அறைக்கு உரியவள் ஒருத்திதான். நெஞ்சு அடித்துக்கொண்டது. முப்பத்தொரு வயதில் இப்படி அடித்துக்கொள்வதற்கு வெட்கப்பட்டாள், ஆனாலும் அடித்துக்கொண்டது. ராஜபாளையத்துக்குப் போன் போட்டாள்.

"நூர்னிசா, எங்க ஊர் ஐயங்கார்ல மூல நட்சத்திரப் பொண்ணு கேட்டு யாராவது வந்தாளா?"

"ஒரு பெரியவுக வாராகக்கா. மாசத்துக்கு ஒருக்க."

"பையன் யாராம்?"

"நானும் கேட்டேன். பையன் என்ன படிச்சிருக்காக, எங்க வேலைன்னு. அதெல்லாம் வேணாம்மா, பேரு இருக்கான்னு மட்டும் பாருன்னாக. வாரவுக எல்லாம் 'நல்ல குடும்பமா ஒண்ணு காட்டும்மா'ன்னுதானக்கா ஆரம்பிப்பாக? இவிய அப்டி இல்ல. பொண்ணு, ஸ்ரீவில்லிபுத்தூர், ஐயங்கார், மூலம்னு ஒரே மூச்சா வரிசையாச் சொன்னாக. நீங்க போட்டு வச்சிருக்க வரிசையேதான். எனக்கு டைப் அடிக்க எம்புட்டு வசதியா இருந்துச்சு தெரியுமா?"

அம்புஜவல்லி ரிசீவரை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆள் எப்படி இருப்பார்?"

"நெத்தியில நாமம். கையில மஞ்சப்பை. ஒரு கண்ணை இடுக்கி இடுக்கிப் பாப்பாக. ஏங்க்கா, தெரிஞ்சவுகளா?"

"நீ என்ன சொன்னே?"

"இல்லன்னு சொன்னேன். கம்ப்யூட்டர்ல இல்லாதத நான் என்ன செய்ய? ஆனா ஒண்ணுக்கா. எல்லாரும் 'இல்லையா'ன்னு கேப்பாக. இவிய 'இன்னும் இல்லையா'ன்னு கேட்டாக. பொறவு எந்திரிச்சுப் போயிட்டாக."

அம்புஜவல்லி போனை வைத்தாள். கடை வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தது. ஜெராக்ஸ் மெஷின் வெளிச்சத்தைத் தள்ளி இழுத்துக்கொண்டிருந்தது. பூத்துக்குள் யாரோ மதுரைக்குச் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளை இல்லை என்று தெரிந்ததில் ஒரு கணம் ஏமாற்றம் இருந்தது. அதை மறைப்பானேன். அடுத்த கணம் அப்பாவின்மேல் கோபம் வந்தது. பக்கத்து அறையில் தூங்கும் மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பஸ் ஏறி இன்னொரு ஊருக்குப் போய், முகம் தெரியாத பெண்ணிடம் கேட்டிருக்கிறார். நீ உன் பேரைக் கொடுத்தாயா, உனக்கு இன்னும் ஆசை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதைக் கேட்க வாயில்லாமல், மகள் அடுக்கிவைத்த வரிசையிலேயே வாசல் வாசலாக நுழைந்து பார்த்துவிட்டு, ஆளில்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல அவளுக்கும் யோக்கியதை இல்லை. அவளும் ஏழு வருஷம் கேட்கவில்லை. பல்லிகளைப்போல் ஒரே வீட்டுச் சுவரில் இருவரும் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இதை நினைத்தபோது கோபம் போய் அழுகை வந்தது. ஜெராக்ஸ் பேப்பர் கட்டை எடுப்பதுபோல் குனிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த மாதம் எல்லாக் காலி அறைகளையும் துடைத்தாள். மூலாவை மட்டும் துடைக்கவில்லை. புத்தகத்தில் காலித் தலைப்பு வந்துவிடாமல், அச்சடிக்கும்போது மட்டும் அதைத் தாண்டிப் போகச் செய்துவிட்டு, சில நாள் அப்படியே வைத்திருந்தாள். அவள் பேரைப் போட்டால் ஊர் பார்க்கும். ஆவுடையப்பன் பார்ப்பார். மறுபடியும் காபி டம்ளர்கள் வரும், பாதியில் இறங்கும். அதெல்லாம் தெரியும். ஆனால் அடுத்த மாதமும் ஒரு பெரியவர் பஸ் ஏறிப்போய் இன்னும் இல்லையா என்று கேட்பார். இல்லை என்று அவருக்குப் பதில் சொல்லப்போவது நூர்னிசா அல்ல, தான்தான் என்பதும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆவுடையப்பன் சாப்பிடப் போன நேரத்தில் உட்கார்ந்தாள். முதலில் அகராதியில் இருபத்தேழாவது வரியைச் சேர்த்தாள். அது இல்லாவிட்டால், மூலம் என்ற அறையில் அவள் உட்கார்ந்திருந்தாலும் நூர்னிசா மூலா என்று அடிக்கும்போது ஆள் இல்லை என்றே வரும். பிறகு பெண், ஸ்ரீவில்லிபுத்தூர், ஐயங்கார், மூலம் என்று நுழைந்தாள். வரிசையில் முதல் ஆளாகத் தன்னை நிறுத்தினாள். எண் பூஜ்யம். பேர் அம்புஜவல்லி. அப்பா பேர் பாஷ்யம், தபால் இலாகா, ஓய்வு. பிறந்த நேரம் உள்ளபடி. எதிர்பார்ப்பு என்ற இடத்தில் ஊரார் எல்லோரும் நல்ல குடும்பம், நல்ல வேலை என்று எழுதுவார்கள். அவள் செத்த நேரம் யோசித்துவிட்டு, நட்சத்திரம் தெரிந்தே வருகிறவர் என்று அடித்தாள்.

மறுநாள் பிளாப்பி ஆவுடையப்பனின் சட்டைப் பையில் போயிற்று. அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது, "நீ செஞ்சது சரிதாம்மா" என்று மட்டும் சொன்னார். எதைச் சொன்னார் என்று அவளும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் பாஷ்யம் கண் டாக்டரிடம் போன அன்று மத்தியானம் கடையில் போன் அடித்தது.

"அக்கா, அவிய வந்துட்டுப் போறாக."

"சொன்னியா?"

"சொன்னேன். ஒரு பொண்ணு இருக்குன்னேன். படிம்மான்னாக. பேரு படிச்சேன், அப்பா பேரு படிச்சேன். அப்பா பேர இன்னொருக்கப் படிம்மான்னாக. படிச்சேன். எதிர்பார்ப்பு வரைக்கும் படிக்கச் சொல்லிக் கேட்டாக. பொறவு கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டே இருந்தாக." நூர்னிசா குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு அப்பத்தான்க்கா உறைச்சுச்சு. அவிய உங்க அத்தாவா?"

"ஆமாம், எங்க அப்பாதான்" என்றாள் அம்புஜவல்லி.

சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது பாஷ்யம் முற்றத்துக் குழாயில் கால் அலம்பிக்கொண்டிருந்தார். ஸாவித்ரி வழக்கம்போல் அடுக்களையிலிருந்தே கேட்டாள்.

"கண்ணுக்கு என்ன சொன்னார்? இன்னும் பழுக்கலையாமா?"

பாஷ்யம் துண்டை எடுத்து ஒரு காலைத் துடைத்தார். பிறகு மறு காலைத் துடைத்தார். மகள் வாசலில் நிற்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவள் பக்கம் திரும்பவில்லை.

"பழுத்துடுத்தாம்" என்றார். "இனிமே தள்ளிப்போடப் படாதாம். நல்ல நாளாப் பார்க்கணும்."

"பாருங்கோப்பா" என்றாள் அம்புஜவல்லி. "பார்த்துட்டுச் சொல்லுங்கோ. நான் லீவு போடறேன்."